நேர்வழிக் கட்சியின் கல்போ கிளை

கல்போ
18 டிசம்பர் 1980

உன்சில் அப்பாவுக்கு,

நானும் உன்சிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் எழுதாமல் விட்டால் வலி கூடுதல் என்று அர்த்தம். பத்து வருடத்தில் இதுகூடத் தெரியாதா எனக்கு?

இங்கே கடலோரம் உறைந்து கிடக்கிறது. காலையில் சேற்றுவெளிக்கு இறங்கும்போது மேல்தட்டு கண்ணாடி மாதிரி உடைகிறது. ஆனாலும் சிப்பி இந்த வருடம் நல்ல கொழுப்பு. கில்நியோ அக்கா கொக்கியால் ஒன்றைக் கொத்தித் திறந்து என் வாயில் போட்டுவிட்டு, "பாலைவனத்துல இருக்கிறவனுக்கும் சேத்துத் தின்னுடி" என்றாள். உங்களுக்குச் சேர்த்தும் தின்றேன்.

ஒரு விஷயம். உங்கள் சைக்கிள் கடையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்; கேள்வி போய் பதில் வர ஒரு மாதம் ஆகிறது, அவர்களுக்கு அவசரம். மாட்டு டாக்டர் கூக்கும் அவருடைய நண்பர்கள் சிலரும் அங்கே ஒரு அலுவலகம் வைக்கிறார்கள். சாமான்களையெல்லாம் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பின்னறையில் வைத்தாயிற்று. ஒன்றுகூடத் துருப்பிடிக்காது.

உன்சில் பள்ளியில் பாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்தவள் பெரிய பண்ணைக்காரர் மகள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இடுப்பில் கம்பளித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். வெயில் நாடு என்று சும்மா இருக்காதீர்கள்.

உன்சில் அம்மா


ஜுபைல்
6 ஜனவரி 1981

உன்சில் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இடுப்பு சுமார். போதுமா?

இங்கே பகலில் இப்போது நல்ல வானிலை. இரவில் மணலிலிருந்து குளிர் ஏறுகிறது. குழாய்க்குள் படுத்துக்கொண்டு வெல்டிங் செய்யும்போது குளிரும் தெரிவதில்லை, வெயிலும் தெரிவதில்லை. கொட்டகையில் என் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சாங்பே டப்பாவில் வந்த முட்டைக்கோஸில் கிம்ச்சி ஊறுகாய் போட்டான். அதைத் தின்றவர்கள் எல்லோரும் ஊரை நினைத்து அழுதோம் என்று அவன் சொல்லிக்கொள்கிறான். அழுதது வேறு காரணத்துக்காக.

கடையைப் பற்றி: என்ன அலுவலகம்? மாட்டு டாக்டருக்கு அலுவலகம் எதற்கு? மாடுகள் வரிசையில் உட்காரப் போகின்றனவா? காப்பீட்டு ஆட்கள் என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள். சக்கரம் நேராக்கும் தாங்கியைத் தரையில் வைத்திருந்தால் உடனே மேலே தூக்கி வை. அது ஜப்பான்காரன் விட்டுப்போனது, இன்னொன்று கிடைக்காது.

உன்சிலிடம் இரண்டாவது இடமே நல்லது என்று சொல். முதலாவது வந்தவளை எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாவது வந்தவள் எல்லோரையும் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கையுறை இல்லாமல் சிப்பி கொத்தாதே.

உன்சில் அப்பா


கல்போ
28 ஜனவரி 1981

உன்சில் அப்பாவுக்கு,

சளி பிடித்து மூன்று நாள் படுத்திருந்தேன், இப்போது எழுந்துவிட்டேன். உன்சிலுக்கு ஒட்டவில்லை. உங்கள் சக்கரத் தாங்கி மேலே, பரணில், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

காப்பீட்டுக்காரர்கள் இல்லை. அது ஒரு கட்சி. ஆட்சியைப் பிடித்த ஜெனரல் பழைய கட்சிகளையெல்லாம் கலைத்துவிட்டாரே, இப்போது வசந்தத்தில் தேர்தல் வைக்கப்போகிறாராம். புதுக் கட்சி தொடங்க விட்டிருக்கிறார்கள். தலைநகர் சோலில் யாரோ ஒருவர் நேர்வழிக் கட்சி என்று ஒன்றைத் தொடங்கி, நம் தொகுதிக்குக் கூக் டாக்டரை வேட்பாளராகப் போட்டிருக்கிறார். போலீஸ் நிலையம் இருக்கும் பெரிய தெருவில் யாரும் இடம் தராததால் எல்லோரும் மீன் சந்துக்குள் புகுந்துதான் நம் கடைக்கு வரவேண்டியிருக்கிறது. கில்நியோ அக்கா பலகையைப் பார்த்துவிட்டு, "பேரு நேர்வழி, வர்றது சந்துவழி" என்றாள். டாக்டரே விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் ஏன் இடம் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். நவம்பரில் மாவட்ட ஆட்கள் சேற்றுவெளியில் சிவப்புக் கொடி நட்டுப் போனார்கள். தலைமுனையிலிருந்து நரித்தீவுவரை கடலை மறித்துக் கரை கட்டப் போகிறார்களாம். உள்ளே இருப்பதெல்லாம் வயலாகுமாம். சிப்பி ஒட்டி வளரும் நம் சிப்பிக் கற்கள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. நாங்கள் ஏழெட்டுப் பேர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த பையன், "உங்க வீட்டுக்காரங்கள வரச் சொல்லுங்க" என்றான்.

"என் வீட்டுக்காரர் சவுதில இருக்காரு."

"உங்க?"

"ஆழ்கடல் கப்பல்ல."

"உங்க?"

"மலைமேல புதைச்சிருக்கு. கூட்டிட்டு வரட்டா?" இது கில்நியோ அக்கா.

பையன் முகம் சிவந்துபோனதே தவிர வேலை ஆகவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு கொட்டிலில் கூக் டாக்டர் முழங்கைவரை பசுவுக்குள் கையை விட்டபடி நின்றிருந்தார். அப்படியே நின்றுகொண்டு எங்கள் கதை முழுவதையும் கேட்டார். கன்றை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "தேர்தல் சமயத்துல மட்டும்தான் நாலு பேர் கூடிப் பேசினா குத்தமில்ல. கூடுறதுக்கு ஒரு எடம் கெடச்சா நான் நிக்கறேன்."

இடம் நம்மிடம் இருந்தது.

எனக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. அடுப்பில் கரிக்கட்டி மாற்றுகிறேன், பார்லித் தேநீர் வைக்கிறேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சந்திரப் புத்தாண்டு. உங்கள் பங்கு அரிசிப் பிட்டை முன்னோர் முன்னால் வைத்துவிட்டு உன்சில் சாப்பிடுவாள்.

உன்சில் அம்மா


ஜுபைல்
15 பிப்ரவரி 1981

உன்சில் அம்மாவுக்கு,

சளி முழுவதும் விட்டதா? இஞ்சி போட்டுக் குடி.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உறை ஏற்கனவே ஒருமுறை திறந்து ஒட்டப்பட்டது போல எனக்குத் தோன்றியது. பசை வெயிலில் இளகியிருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்: குளிர் காலத்தில் கூட்டமான இடத்தில் நிற்காதே. சளி அப்படித்தான் தொற்றும். தேநீர் வைத்தால் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு.

சிப்பிக் கற்கள் என் தாத்தா காலத்தவை, தெரியும். எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் கடலை மறிக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்துவிட்டால், ஒரு மாட்டு டாக்டரும் பத்துப் பெண்களும் என்ன செய்துவிட முடியும்?

ஆகஸ்ட் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஃபோர்மேன் என் வேலையைப் பார்த்து, நீட்டிப்புக்கு என் பெயரைத்தான் முதலில் எழுதுவேன் என்றார். இன்னும் இரண்டு வருடம் இருந்தால் உன்சிலை நகரத்துப் பள்ளியில் சேர்க்கலாம், ஓட்டுக்கூரையையும் மாற்றலாம். ஊரிலிருந்து நல்ல பேர் வந்தால்தான் நீட்டிப்பு. புரிந்திருக்கும்.

இடுப்பு பரவாயில்லை. கம்பளித் துணி கட்டிக்கொள்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

உன்சில் அப்பா


கல்போ
9 மார்ச் 1981

உன்சில் அப்பாவுக்கு,

எங்கள் எல்லோருக்கும் சுகம். உங்கள் கடிதமும் சுகமாக வந்து சேர்ந்தது. பசை நன்றாகவே ஒட்டியிருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி மைதானத்தில் எல்லா வேட்பாளரும் பேசும் கூட்டம். ஜெனரலின் கட்சிக்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து, "வளர்ச்சி" என்று எத்தனை முறை சொன்னாரோ! அனுமதி பெற்ற பெரிய எதிர்க்கட்சிக்காரர் வந்து, வளர்ச்சி வேண்டும், ஆனால் மெதுவாக வேண்டும் என்றார். ஒரு தொகுதியில் முதல் இரண்டு பேரும் ஜெயிக்கலாம் என்பதால் இந்த இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. ஐந்தாம் எண் நம் டாக்டர். மேடையேறிச் சட்டைக் கையை மடித்துவிட்டார். "இந்தக் கை இந்த மாவட்டத்துல எத்தனையோ மாட்டு வயித்துக்குள்ள போயிருக்கு. உள்ள போய்ப் பாக்காம நான் எதையும் நல்லா இருக்குன்னு சொல்றதில்ல. கடலுக்குக் கரை கட்டறவங்க ஒரு தடவையாவது அந்தச் சேத்துல எறங்கிப் பாத்தாங்களா?" என்றார். பெண்கள் பக்கமிருந்து எழுந்த கூச்சலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முந்தைய நாள் அவர் விலகவே முடிவு செய்திருந்தார். இதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். சோலில் தலைமை அலுவலகம் போய்வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி, மேசை, போஸ்டர் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று அங்கே ஒருவன் குடித்துவிட்டு உளறியிருக்கிறான். எதிர்க்கட்சி நிறைய இருந்தால் ஓட்டுச் சிதறும், தேர்தலும் அழகாகத் தெரியும் என்று ஜெனரலின் ஆட்களே எங்கள் தலைவருக்குக் கொடுத்துத் தொடங்கி வைத்த கட்சியாம் இது.

"நான் எதிர்க்கட்சி வேஷம் கட்டுன பொம்மை, உன்சில் அம்மா. நாளைக்கு மேடையேற மாட்டேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "டாக்டர், கன்னு வெளிய வராம பசு கத்தும்போது, இது எந்தக் காளைக்குப் பொறந்ததுன்னு விசாரிச்சுட்டா கையை விடறீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது வேற."

"என்ன வேற? அவங்க பொய்யா ஆரம்பிச்சாங்க. நாங்க இங்க வந்து உக்காந்தது பொய்யா?"

கடைசியில் கோட்டைக் கழற்றினார். இன்னொரு தேநீர் கேட்டார். நேற்று மேடையேறினார்.

வியாழக்கிழமை நம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தார். தேநீர் குடிக்கவில்லை. உங்களை நலம் விசாரித்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார்.

உன்சிலுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது.

உன்சில் அம்மா


ஜுபைல்
16 மார்ச் 1981

மனைவி மா ஜோம்ரேவுக்கு,

நான் வெளிநாட்டில் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்காக உழைத்துவரும் இவ்வேளையில், நீ தேசத்தின் அமைதிக்கு ஊறு செய்யும் நபர்களுடன் சேர்ந்து செயல்படுவதாக அறிந்து மிகுந்த வருத்தம் அடைந்தேன். குடும்பத் தலைவன் என்ற முறையில் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன். உடனடியாக அக்கட்சியிலிருந்து விலகி, வாக்குப்பதிவு, வாக்கு எண்ணிக்கை முதலிய எதிலும் கலந்துகொள்ளாமல், வீட்டையும் குழந்தையையும் கவனித்து வருமாறு உத்தரவிடுகிறேன்.

யாரைக் கேட்டு என் கடையைத் திறந்தாய்? அது என் கையால் நான் உண்டாக்கியது. நான் இங்கே குழாய்க்குள் கிடக்க, நீ அங்கே என் இடத்தில் ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டிருக்கிறாய்.

இக்கடிதம் கண்டவுடன் இதன்படி நடக்கவும்.

பியோ தால்சூ


கல்போ
2 ஏப்ரல் 1981

உன்சில் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. புதன்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு, வாக்கு எண்ணிக்கைக்கும் போனேன்.

உன்சில் நலம்.

மா ஜோம்ரே


ஜுபைல்
10 மே 1981

உன்சில் அம்மாவுக்கு,

ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்று கடிதம் போட்டுவிட்டேன், இது நான்காவது. அங்கே மழை சரியாகப் பெய்ததா? உன்சிலுக்குப் பல் விழுந்ததா? உனக்கு உடம்பு சரியில்லையென்றால் கில்நியோ அக்காவையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

வீட்டில்தானே இருக்கிறாய்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போடு.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

உன்சில் அப்பா


ஜுபைல்
20 ஜூன் 1981

உன்சில் அம்மாவுக்கு,

இது தபாலில் வரவில்லை. சாங்பே ஊருக்குத் திரும்புகிறான், உள்சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான். நீ வீட்டில்தான் இருக்கிறாய், யாரும் உன்னைப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்று உன்சில் எழுதிய அட்டையிலிருந்து தெரிந்துகொண்டேன். "அம்மா நன்றாக இருக்கிறார், ஆனால் எழுத மாட்டாராம்" என்று எழுதியிருந்தாள். அதைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன்.

மார்ச் பதினாறாம் தேதி வேலை நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். முகாம் அலுவலகத்தில் மேலாளர் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் ஊரிலிருந்து வந்த ஒரு தாள்.

"பியோ, உம் பொண்டாட்டி பெரிய தலைவியாமே?"

"இல்லீங்க, தேநீர் வச்சுக் குடுக்கறா, அவ்வளவுதான்."

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். 'மா ஜோம்ரே, கல்போ கிளை மகளிர் பிரிவுத் தலைவி.' அதே பெயரில் வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கடை முகவரியைப் பார்த்தேன்.

"நான் சொல்லச் சொல்ல எழுது. ஒரு எழுத்து கொறையக்கூடாது. எழுதலன்னா இந்த வாரமே பொட்டியக் கட்டு."

எழுதினேன். அந்த மாதிரி வார்த்தைகளை நான் ஜென்மத்தில் பேசியதில்லை, நீ பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாய் என்று நம்பினேன். மறுநாள்தான் உன் மார்ச் கடிதம் வந்தது. காளை எது என்று கேட்ட கதையைப் படித்துச் சிரித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போன கடிதத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவனாகிவிடுவேன். ஆனால் கடையைப் பற்றிய வரிகளை மேலாளர் சொல்லவில்லை. குறையக்கூடாது என்றுதான் சொன்னார், கூடக்கூடாது என்று சொல்லவில்லை. அவை நானாகச் சேர்த்தவை. எழுதும்போது மனதில் அது இருந்தது. நான் இல்லாமல் என் இடம் நன்றாக நடக்கிறது என்ற எரிச்சல். ஊரே என் கடையில் உட்கார்ந்து சிரிக்கிறது, நான் மட்டும் அங்கே இல்லை.

எழுதியும் பயனில்லை. எண்ணிக்கைக்கு நீ போன செய்தி உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. "பொண்டாட்டிய அடக்கத் தெரியாதவன்" என்று கொட்டகையில் பேசுகிறார்கள். வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டால் யார் முகமும் தெரியாது.

கூரையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நீ எழுது. திட்டியாவது எழுது.

உன்சில் அப்பா


கல்போ
14 ஜூலை 1981

உன்சில் அப்பாவுக்கு,

சாங்பே வந்து, நம் வீட்டில் சாப்பிட்டுப் போனார். நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் போட்ட கிம்ச்சிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

இது தபாலில்தான் வருகிறது, பிரித்துப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உண்மையை எழுதாமலே இருந்திருக்கலாம். மார்ச் கடிதம் வந்த அன்று அது உங்கள் வார்த்தைதான் என்றே நம்பினேன். தேசம், அமைதி என்று வந்ததைப் பார்த்து, வெளிநாடு போய் மனிதர் இப்படி ஆகிவிட்டார் என்று நினைத்தேன். கடையைப் பற்றி எழுதியது மட்டும் உங்கள் குரலிலேயே இருந்தது. அதனால்தான் மற்றதையும் நம்பினேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. கட்டிய கணவன் வேண்டாமென்று சொன்ன பிறகும் போகிறோமே என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். வாழ்க்கையில் ஒருமுறை உங்கள் பேச்சை மீறினேன். அதை நினைத்து அழுதேன், கொஞ்சம் பெருமையும் பட்டேன். இப்போது நீங்கள் தடுக்கவே இல்லை என்கிறீர்கள். நான் எதை மீறினேன் என்றே தெரியவில்லை.

தேநீர் மட்டும் வைப்பதாக நான் எழுதியதும் பொய்தான். ஜனவரியிலேயே கட்சித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச்சில் வந்த விருந்தாளி போலீஸ்காரர். "உங்க வீட்டுக்காரர் ஒப்பந்தம் ஆகஸ்ட்ல முடியுதில்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதை உங்களுக்கு எழுதியிருந்தால் நீங்கள் நிறுத்தச் சொல்வீர்கள். சொன்னால் நிறுத்த வேண்டிவரும். அதனால் எழுதவில்லை. ஆகவே நாம் இருவரும் சரிக்குச் சரி.

எண்ணிக்கை நடந்தது மாவட்டப் பள்ளி மண்டபத்தில், நான் நம் கட்சியின் பார்வையாளர். கல்போ பெட்டியைக் கொட்டினார்கள். ஐந்தாம் எண் சீட்டுகளில் பலவற்றில் பழுப்பாக ஒரு கறை. எண்ணுகிறவர் அவற்றைத் தனியே ஒதுக்கினார்.

"ஏன் சார் தள்ளி வைக்கிறீங்க?"

"அடையாளம் போட்ட சீட்டு செல்லாதும்மா."

"அடையாளம் இல்ல சார், ரத்தம். சிப்பி கொத்தற கை. வெடிச்சுக் கெடக்கும், எதைத் தொட்டாலும் ஒட்டும்."

"உக்காருங்க."

நான் உட்காரவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தேன். "இந்த ஊர்ல கை சுத்தமா இருக்கிற ஒரு பொம்பளையக் காட்டுங்க. இந்தச் சீட்டு அத்தனையையும் நானே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன்."

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. தேர்தலுக்குப் பொறுப்பான நீதிபதி இளவயதுக்காரர். எழுந்து வந்தார். சீட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "செல்லும். எண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

கல்போ பெட்டியில் டாக்டர்தான் முதல். தொகுதியில் மூன்றாவது, ஆகவே தோல்வி. நாடு முழுவதும் கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. நூற்றுக்கு இரண்டு ஓட்டுக்கூட வரவில்லை. அப்படிப்பட்ட கட்சி சட்டப்படி இருக்கக்கூடாதாம். பதிவை ரத்து செய்துவிட்டோம் என்று ஒற்றைத் தாள் வந்தது. சோல் தலைவர் அதற்குள் ஏதோ ஒரு வாரியத்தில் பதவி வாங்கிக்கொண்டு போய்விட்டார். டிசம்பர் குளிரில் பிறந்து, செர்ரி பூத்து உதிர்வதற்குள் முடிந்துபோன கட்சி. டாக்டர் தாளைப் படித்துவிட்டு, "செத்துப் பொறந்த கன்னு எத்தனையோ பாத்திருக்கேன். இது பரவால்ல. எந்திரிச்சு நின்னு ரெண்டடி நடந்துட்டுத்தான் போச்சு" என்றார். பிறகு பக்கத்து ஊரில் ஒரு பன்றிக்குக் காய்ச்சல் என்று கிளம்பிவிட்டார்.

ஆனால் கட்சி போன பிறகும் பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கதவைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் மாவட்ட ஆட்கள் தாங்களாகவே வந்து சிப்பிக் கற்களை அளந்தார்கள். கல்போ பெட்டி அவர்களைக் கொஞ்சம் திடுக்கிட வைத்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். கரை வேண்டுமா, எந்த நிபந்தனையில் என்று கற்களுக்கு உரிமையுள்ள வீடுகளின் கடலோரச் சங்கத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்யலாம் என்கிறார்கள். செப்டம்பர் ஒன்பதாம் தேதி, அறுவடைத் திருநாளுக்கு முன்னால் கூட்டம்.

சங்கத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு. அது வீட்டுத் தலைவருக்கு. சேற்றில் இறங்குகிற எங்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. கில்நியோ அக்காவின் ஓட்டுகூட சோலில் இருக்கும் மைத்துனரிடம். ஆனால் உறுப்பினர் தன் இடத்தை வீட்டில் வேறொருவர் பெயருக்கு மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துக்குப் பதிலாக உறுப்பினரின் பெயர் முத்திரை குத்திய தாள் வேண்டும்.

நீங்கள் திரும்பி வரத்தான் போகிறீர்கள். நீங்களே கூட்டத்துக்குப் போய் நாங்கள் சொல்கிறபடி ஓட்டுப் போடலாம். அப்படிச் செய்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஊரும் உங்களைப் பார்த்துச் சிரிக்காது. இருந்தாலும் கேட்கிறேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

உன்சிலுக்குப் பல் விழுந்து புதுப்பல் முளைத்துவிட்டது. கோணல்.

உன்சில் அம்மா


ஜுபைல்
9 ஆகஸ்ட் 1981

உன்சில் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்தாறு நாளாகிறது. உடனே பதில் எழுதவில்லை. வேண்டாம் என்று எழுத ஒரு தாளை எடுத்தேன், அதுவும் உண்மை. அப்பா, தாத்தா பெயரில் இருந்த இடம். என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். இங்கே கேட்டதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்கள்.

நேற்று குழாய்க்குள் படுத்திருந்தபோது யோசித்துப் பார்த்தேன். அந்தக் கற்கள் எத்தனை, எந்தக் கல் கடல் எவ்வளவு வற்றினால் வெளியே தெரியும் என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு நான் சேற்றில் இறங்கியதே இல்லை. நான் நின்று கை தூக்கினால், நீ வெளியே நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை இரண்டு இடத்தில் குத்தியிருக்கிறது. முதலாவது சரியாக விழவில்லை, கை வேர்த்திருந்தது. செல்லாது என்று சொன்னால் என் கையையும் வந்து காட்டுகிறேன் என்று சொல்.

செப்டம்பர் எட்டாம் தேதி விமானம். இரவு ரயில் பிடித்தால் ஒன்பதாம் தேதி காலை கல்போ வந்துவிடுவேன். வந்ததும் தூங்கச் சொல்லாதே, நானும் கூட்டத்துக்கு வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள், தெரியும். ஓட்டில்லாதவர்கள் எங்கே நிற்பார்கள்? இத்தனை வருடமாக நீ நின்ற இடத்தைக் காட்டு. நான் அங்கே நின்றுகொள்கிறேன்.

பியோ தால்சூ